ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினால் நின்றுபோன வண்டி: பழைய 150 சிசி பைக்குடன் மூன்றரை ஆண்டுகள்

2014ஆம் ஆண்டு மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) கொண்ட 150 சிசி பைக் ஒன்றை 2021 ஆகஸ்டில் வேலூரில் இரண்டாம் கையாக வாங்கினேன். அப்போது மீட்டரில் 38,000 கிலோமீட்டர் இருந்தது. சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வருவதிலேயே நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி ஓடுவதால், இன்று அது 88,000ஐத் தாண்டியிருக்கிறது. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் எட்டு மாதங்கள் என்னை அலைக்கழித்தவை கரண்ட் கோளாறும் ஆக்சிலேட்டர் கோளாறும்தான். அவற்றைக் கண்டுபிடித்த விதத்தை விரிவாக எழுதுகிறேன். பழைய வண்டி வாங்கும் பலர், காரணம் தெரியாமலேயே நல்ல பாகங்களைக் கழற்றி எறிவதை நேரில் பார்த்திருக்கிறேன். நானும் அதைச் செய்தேன்.

வாங்கிய இரண்டாம் வாரமே காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதியது போட்டேன். மூன்று மாதங்களில் அதுவும் காலையில் 11.9 வோல்ட் காட்டத் தொடங்கியது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். அடுத்து கரண்ட் உண்டாக்கும் காயிலை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பேட்டரிக்குப் போகும் வோல்ட்டை அளவாக வைக்கும் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னபோதுதான், இனி அளந்து பார்க்காமல் ஒரு பாகமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கினேன்.

எஞ்சினை 5,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கான சுழற்சி) அளவில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தபோது 13.3 வோல்ட் வந்தது. அங்கே 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நானும் ரெகுலேட்டரைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன். ஆனால் மீட்டரின் இரு முனைகளையும் ரெகுலேட்டரின் பிளஸ் ஒயரிலும் அதன் எர்த் ஒயரிலும் (வண்டியின் சட்டத்தோடு சேரும் மைனஸ் ஒயர்) வைத்துப் பார்த்தால் 14.1 வோல்ட் இருந்தது. அப்படியானால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்கிறது, இடையிலுள்ள 0.8 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. பிளஸ் பக்கம் ரெகுலேட்டரிலிருந்து பேட்டரி வரை 0.1 வோல்ட்தான் இழப்பு. மைனஸ் பக்கம் அளந்தபோது 0.7 வோல்ட் காட்டியது. டேங்கைக் கழற்றிப் பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர் சட்டத்துக்கு மறுபடி பெயிண்ட் அடித்து, எர்த் ஒயரின் வளையத்தை அந்தப் பெயிண்டின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். கரண்ட் முழுவதும் துருப்பிடித்த மரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாள் கொண்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். பேட்டரி முனையில் 14.0 வோல்ட் வந்தது. நான் குப்பையில் போடச் சொன்ன முதல் பேட்டரி அநேகமாக நன்றாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது கோளாறு இதைவிட ஆபத்தானது. காட்பாடிக்குப் போகும் வழியில், கிரீன் சர்க்கிள் நெரிசலுக்குள் மெதுவாக வலப்பக்கம் திரும்பும்போது வண்டி பட்டென்று நின்றுவிடும். ஹேண்டிலை நேராக்கினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். அதே வண்டி, இடப்பக்கம் ஒடித்து எங்கள் தெருவுக்குள் நுழையும்போது, நான் முறுக்காமலே ரேஸ் ஆகும். கார்புரேட்டரைக் கழற்றி இரண்டு முறை சுத்தம் செய்தும் மாற்றமில்லை. சத்துவாச்சாரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது, அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. ஹேண்டில்பாரையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இது கம்பெனி ஹேண்டிலே இல்லியே" என்றார்.

அந்தச் சொல்தான் எனக்கு முடிச்சை அவிழ்த்தது. முந்தைய உரிமையாளர் உயரமான வேறொரு ஹேண்டில்பாரைப் பொருத்தியிருந்தார். ஆனால் ஆக்சிலேட்டர் கேபிளும் ஒயரிங்கும் பழைய நீளத்திலேயே இருந்தன. ஆக்சிலேட்டர் பிடியில் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக்கு, கேபிளை இழுக்காத வெறும் சுழற்சி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும் கணக்கு. என் வண்டியில் ஹேண்டில் நேராக இருக்கும்போதே அது 1 மில்லிமீட்டர்கூட இல்லை. முழுவதும் இடப்பக்கம் ஒடித்தால் கேபிளின் வெளிக்கூடு இழுபட்டு, உள்கம்பி தானாகவே கார்புரேட்டரில் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்கியது. ஐடிலிங்கில், அதாவது முறுக்காமல் ஓடும்போது, 1,400 இருந்த ஆர்.பி.எம். 2,500க்கு ஏறியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

வலப்பக்கம் ஒடித்தால் நிற்பதற்கான காரணத்தைத் தேடியபோது, ஒயர் அறுபடவில்லை என்று காட்டும் மல்டிமீட்டரின் பீப் சத்தம் என்னை ஏமாற்றியது. இதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். ஒயருக்குள் பத்துப் பதினைந்து செம்பு இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அது அனுப்பிப் பார்க்கும் கரண்ட் மிகச் சிறியது. ஆகவே ஒயர் சுமையைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து, சாவி சுவிட்சைத் தாண்டி, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கு வரும் பிளஸ் ஒயரில் ஒன்றையும் எர்த்தில் மற்றதையும் கொடுத்தேன். சாவியைப் போட்டதும் பல்பு வெளிச்சமாக எரிந்தது. ஹேண்டிலை மெல்ல வலப்பக்கம் ஒடிக்க ஒடிக்க அது செம்மஞ்சளாக மங்கி, கடைசி இரண்டு விரற்கடைத் திருப்பத்தில் அணைந்தது. அந்த நிலையிலேயே ஒயர்க் கொத்தைக் கைவிரலால் நசுக்கிக்கொண்டே போனபோது, ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் பல்பு மினுக்கியது. அங்கே உறையைக் கீறினேன். வெளியே பிளாஸ்டிக் சிறு கீறல்கூட இல்லாமல் இருந்தது. உள்ளே செம்பு பச்சைப் பூத்து, இழைகள் அறுந்திருந்தன. ஒயர்க் கொத்தை அந்த இடத்தில் டை போட்டு இறுகக் கட்டியிருந்ததால், ஒவ்வொரு திருப்பத்திலும் அதே புள்ளியில் மடிந்து மடிந்து களைத்திருக்கிறது.

கம்பெனி ஹேண்டில்பாரையே தேடி வாங்கிப் போட்டேன். அறுந்த இடத்தை வெட்டி, அதே தடிமனுள்ள ஒயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடினேன். அந்த ஒட்டு வளையும் இடத்தில் வராதபடி, கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும் என்பதால் வளைந்துகொண்டேயிருக்கும் பகுதியில் அது தாங்காது. புதிய கேபிளையும் போட்டு, இரு பக்கமும் முழுதாக ஒடித்து ஐடிலிங் அசையவில்லை என்று உறுதி செய்தபின்தான் சாலையில் இறக்கினேன்.

2022 ஏப்ரலில் வெயில் ஏறியபோது ஒரு மிச்சம் தலைகாட்டியது: வண்டி நன்றாகச் சூடானபின் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்காமல், மெதுவாக இறங்கும். கேபிள் சரியாக இருப்பது தெரிந்ததால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர்க் குழாயின் மேல் எஞ்சின் ஓடும்போதே தண்ணீரைப் புகைபோல் தெளித்தேன். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கிளீனரையோ தெளிக்கச் சொல்வார்கள். சூடான எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது. ரப்பரின் அடிப்பக்கத்தில் நுண்ணிய வெடிப்பு. சூட்டில் அது விரிந்து காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. ரப்பரை மாற்றிய பிறகு, இந்தக் குறையை மறைப்பதற்காக யாரோ திருப்பி வைத்திருந்த ஐடில் திருகையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பின் இன்றுவரை வண்டி வழியில் நின்றதில்லை. லிட்டருக்கு 47 கிலோமீட்டர் தருகிறது. மாதம் ஒருமுறை பேட்டரி வோல்ட்டை அளந்து, வீட்டுக் காலண்டரிலேயே தேதியோடு எழுதிவைக்கிறேன். மே மாத வெயிலிலும் ஓடும்போது 13.9க்குக் கீழே இறங்கியதில்லை. சென்ற மழைக்காலத்தில் மட்டும் இடப்பக்க சுவிட்சுக் கூட்டுக்குள் ஈரம் இறங்கி இண்டிகேட்டர் இரண்டு நாள் எரியவில்லை. திறந்து காயவைத்ததோடு சரியாயிற்று.