ஒரே ராட்டினம், மூன்று ஊர்கள்: ஆக்ஸ்ஃபோர்டா, நாட்டிங்காமா, ஹல்லா?

இங்கிலாந்தில் செப்டம்பர் பிறந்து வெயில் தணியத் தொடங்கியதும், ஊர் ஊராகச் செல்லும் ராட்டினச் சந்தைகளில் பெயர்பெற்ற மூன்று சந்தைகள், ஏழு வாரங்களுக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன: ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜைல்ஸ் சந்தை, நாட்டிங்காமின் வாத்துச் சந்தை, ஹல் நகரத்தின் ஹல் சந்தை. மூன்றிலும் உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. ஏறும் ராட்டினத்துக்குத்தான் பணம். எங்கே அதிக ராட்டினங்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது என்பது என் அனுபவம். ராட்டினங்கள் எந்த ஊருக்கும் சொந்தமானவை அல்ல; தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்துவரும் குடும்பங்களின் சொத்து அவை. ‘பேக் எண்ட்’ என்று அக்குடும்பங்கள் சொல்லும் இந்த இலையுதிர்காலச் சுற்றில், நாட்டிங்காமில் பிரித்து லாரியில் ஏற்றப்பட்ட ராட்டினம் சில நாட்களில் ஹல்லில் ஓடிக்கொண்டிருக்கலாம். மாறுபவை அது நிற்கும் தரையும், அதில் நாம் ஏறும் வேளையுமே.

முதலில் வருவது ஆக்ஸ்ஃபோர்டு. செப்டம்பர் 1 புனித ஜைல்ஸின் திருநாள். அதற்கு அடுத்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையைத் தொடரும் திங்களும் செவ்வாயும், அந்த இரண்டே நாட்கள்தான் சந்தை. மைதானம் என்று தனியாக எதுவும் இல்லை. செயின்ட் ஜைல்ஸ் என்ற அகன்ற வீதியின் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, வடக்கே தேவாலயத்திலிருந்து தெற்கே தியாகிகள் நினைவுச்சின்னம் வரை ராட்டினங்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கம் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் கல் முகப்பு, எதிரே சுழலும் விளக்குகள் என்ற இந்த நெருக்கம் மற்ற இரண்டு ஊர்களிலும் கிடைக்காது. பழைய குதிரை ராட்டினத்தில் ஏறுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. கிங்ஸ் லின் ஊரின் ஃபிரெடெரிக் சாவேஜ் 19ஆம் நூற்றாண்டில் நீராவி எந்திரத்தைக் கொண்டு செம்மைப்படுத்திய வகை அது. குதிரையின் கழுத்தில் அதன் பெயரை வண்ணத்தில் எழுதியிருப்பார்கள். முறுக்கிய பித்தளைக் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கையில் அந்த முறுக்கு பதியும். நிஜக் குதிரையில் இடப்பக்கமாக ஏறும் வழக்கத்துக்கு ஏற்ப, இங்கிலாந்தின் குதிரை ராட்டினங்கள் கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுகின்றன. அமெரிக்காவில் பெரும்பாலும் எதிர்த்திசை. மெதுவாகச் சுற்றும் அந்த ராட்டினத்தின் மேலிருந்து கல்லூரிச் சுவர்களைப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் ஏழரை மணி வாக்கில்தான் கதிரவன் மறைகிறான் என்பதால் அதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. வேலை நாட்களில் மட்டுமே நடப்பது இச்சந்தையின் பெருங்குறை. வெளியூரிலிருந்து குழந்தைகளோடு வருபவர்களுக்குப் பள்ளி நாளில் இது எளிதல்ல.

நாட்டிங்காம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. முன்பு ஐந்து நாட்கள் நடந்த வாத்துச் சந்தை 2022 முதல் பத்து நாட்களாக நீண்டிருப்பதால் வார இறுதி கட்டாயம் கிடைக்கும். முதலாம் எட்வர்டு மன்னரின் 1284ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே குறிக்கப்பட்ட பழமை இதற்கு உண்டு. லிங்கன்ஷயரிலிருந்து வாத்துகளை நடத்தியே ஓட்டிவந்தார்கள், கால் தேயாமலிருக்கத் தாரிலும் மணலிலும் தோய்த்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. செப்டம்பர் 21இல் தொடங்கிவந்த சந்தை, 1752இல் நாட்காட்டி மாற்றப்பட்டபோது பதினொரு நாட்கள் தள்ளி அக்டோபர் 2க்குப் போனது. நகர நடுவிலிருந்த பழைய சந்தைச் சதுக்கத்தை விட்டு ‘ஃபாரஸ்ட்’ மைதானத்துக்கு 1928இல் இடம்பெயர்ந்தது. அந்த மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. ராட்டினம் ஏறப் பயப்படும் பெரியவர்களை அழைத்துச் செல்வதென்றால் நான் தயங்காமல் நாட்டிங்காமைத்தான் சொல்வேன். மேட்டில் நின்று, மசித்த பட்டாணியில் புதினாச் சாறு ஊற்றிச் சாப்பிட்டபடியே சந்தை முழுவதையும் கீழே பார்க்கலாம், அதுவே போதுமான கேளிக்கை. டிராம் மைதானத்தின் ஓரத்திலேயே நிற்பதால் காரை எங்கே விடுவது என்ற கவலையும் இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் நல்ல காலணி அவசியம்.

ஹல் சந்தை அக்டோபர் 11ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை வரை, நடுவில் ஞாயிறு ஒருநாள் அடைத்து, வால்டன் தெருவிலும் அதை ஒட்டிய திடலிலும் நடக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய நடமாடும் சந்தைகளுள் ஒன்று இது. நிலம் தட்டை, பார்வைக்கு மேடு இல்லை, பின்னணிக்குக் கல்லூரி இல்லை. ஆனால் அந்நாட்களில் ஆறேகால் மணிக்கே பொழுது சாய்ந்துவிடுவதால், குழந்தைகள் தூங்கப்போகும் நேரத்துக்கு முன்பே முழு இருட்டில் சந்தையைப் பார்க்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன், காரணம் வால்ட்ஸர்.

வால்ட்ஸரின் மேடை மேடுபள்ளமான பாதையில் சுற்றும். அதன்மேல் பொருத்திய வண்டிகள் ஒவ்வொன்றும் தன் அச்சில் தனியாகவும் சுழலும். உட்கார்ந்தவர்களின் எடை ஒரு பக்கம் கூடினால், சரிவில் இறங்கும்போது வண்டி தானாகவே வெட்டித் திரும்பும். அலைபாயும் பலகைகளின்மேல் காலடியைப் பார்க்காமலே நடந்துவரும் பணியாளர், வண்டியின் முதுகில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால் அடுத்த அரை நிமிடத்துக்கு எது முன், எது பின் என்று தெரியாது. பகலில் இதே சுற்றில் மரமும் முகமும் தெரிந்து தலைதான் சுற்றுகிறது. இருட்டிலோ சுற்றியுள்ள விளக்குகள் அனைத்தும் கோடுகளாக நீண்டு, சந்தையே நம்மைச் சுற்றி ஓடுவதுபோல் இருக்கும்.

அக்டோபர் மழையும் ஹல்லை ஒதுக்கப் போதிய காரணமில்லை. வால்ட்ஸருக்கும் மோதும் கார்களுக்கும் கூரை உண்டு. பலத்த காற்றில் நிறுத்தப்படுபவை உயரமாக வீசும் திறந்த ராட்டினங்கள்தாம். பாதுகாப்பு விதிகள் மூன்று ஊர்களுக்கும் பொது. ஆண்டுதோறும் சோதித்துச் சான்று தரும் அடிப்ஸ் என்ற ஏற்பாடு நாடு முழுவதற்கும் உண்டு. உயர வரம்பு ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னும் பலகையில் எழுதியிருக்கும், குழந்தையை வரிசையில் நிறுத்தும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் என் தேர்வு ஹல், அதுவும் திங்கள் அல்லது செவ்வாய். சனிக்கிழமை இரவுக் கூட்டத்தில் வால்டன் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வதே பெரும்பாடு. வெளிச்சம் இருக்கும்போதே போய், குழந்தைகளுக்கான சிறு ராட்டினங்களை முதலில் முடித்துவிட்டு, விளக்குகள் முழுமையாகத் துலங்கும் ஏழு மணிக்கு வால்ட்ஸர் வரிசையில் நில்லுங்கள். சாப்பாட்டை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.