பழைய காருக்கு கார்ப்பரேட்டர் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள், எனக்கு 18,500 ரூபாய் போச்சு

கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அடங்கவில்லை. 18,500 ரூபாய். ஒரு ரப்பர் ஹோஸும் ஒரு கேஸ்கெட்டும் (இரண்டு பாகங்களுக்கு நடுவில் கசியாமல் அடைப்பது) மாற்றவேண்டிய இடத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டரையே மாற்றினார்கள்.

வண்டி 86 மாடல் பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கியது. மார்கழி பிறந்ததும் காலையில் அடம்பிடிக்க ஆரம்பித்தது. சென்னையில் என்ன பெரிய குளிர், ஆனாலும் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் செல்ஃப் அடித்தால் பேட்டரி சோர்ந்துபோகும் வரைக்கும் பிடிக்காது. சோக் (காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) இழுத்தால் ஒருவழியாகப் பிடிக்கும், உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். சைதாப்பேட்டை சிக்னலில் நின்றால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது) இறங்கி இறங்கி ஆஃப், பின்னால் எம்டிசி பஸ் விடாமல் ஹாரன்.

பழைய கார்களுக்கென்றே இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பின் வீடியோக்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. பளபளவென்று அம்பாசடர், பியட் எல்லாம் நிற்கும். அங்கேதான் கொண்டுபோனேன். கடைக்காரர் ஐம்பது வயசு இருக்கும், நெற்றியில் விபூதி. பானெட்டைத் திறந்து, எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் சத்தத்தை மட்டும் கேட்டார். "அப்பா வண்டியா தம்பி? விக்காதீங்க. இந்த மாதிரி பாடி இனிமே வராது" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்தேன். அப்பாவும் கூட இருந்தார், அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு ரேட் பேச யாருக்கு மனசு வரும்?

கார்ப்பரேட்டர் பாடி தேய்ந்துவிட்டதாம். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் சோலெக்ஸ் கம்பெனி கார்ப்பரேட்டர் ஒன்று அவரிடம் இருக்கிறதாம், இனி கிடைக்கவே கிடைக்காதாம். அதற்கு 14,000, வேலைக்கும் டியூனிங்குக்கும் 4,500. மொத்தமும் முன்பணமாக யுபிஐயில் அனுப்பச் சொன்னார். பில் கேட்டேன், "வண்டி எடுக்கும்போது தரேன்".

வண்டி வந்தது, பில் வரவில்லை. மறுநாள் காலையிலேயே அதே கதை, இன்னும் மோசமாக. போன் செய்தால் "புது கார்ப்பரேட்டர் தம்பி, ரெண்டு டேங்க் ஓடட்டும், செட் ஆயிடும்". ஓடியது, செட் ஆகவில்லை. அப்புறம் "பெட்ரோல்ல தண்ணி இருக்கும், பங்க்கை மாத்துங்க". அப்புறம் கடைப் பையன் எடுத்து "அண்ணன் திருப்பதி போயிருக்காரு" என்றான். ஏழுமலையானே அலுத்துப்போகும் அளவுக்குத் திருப்பதி போகிறார் மனுஷன், அதே நேரத்தில் புது வீடியோவும் போடுகிறார்! வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது "18,500க்கு நீங்க இவ்ளோ பேசறீங்க" என்றார். பணம் அனுப்பும்போது மட்டும் அது சின்னத் தொகையாகத் தெரியவில்லை போல.

கடைசியில் எங்கள் தெருமுனையில் டூவீலரும் ஆட்டோவும் பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் கண்டுபிடித்தார். இன்ஜினை ஓடவிட்டு, கார்ப்பரேட்டர் மேனிஃபோல்டில் (கலவை இன்ஜினுக்குள் போகும் குழாய்) உட்காரும் இடத்தைச் சுற்றி கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்தார், சட்டென்று இன்ஜின் சுற்றும் வேகம் மாறியது. அங்கே காற்று இழுக்கிறது, கலவையில் பெட்ரோல் பங்கு குறைகிறது, அதனால்தான் சோக் இல்லாமல் ஐடிலிங் நிற்கவில்லை. கழற்றினால் உள்ளே என் பழைய கேஸ்கெட்டேதான், மேலே அனபாண்ட் பசை அப்பியிருக்கிறது. பெட்ரோல் பட்டு அது ஊறி, பிசுபிசுவென்று நூல் நூலாக வந்தது. "பெட்டி பிரிக்காத" கார்ப்பரேட்டரின் மூடியைத் திறந்தார். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் பழுப்பாகப் படிந்த கறை, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் காடி ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி மழுங்கிக்கிடக்கிறது. எந்த வண்டியில் எத்தனை வருஷம் ஓடியதோ, மண்ணெண்ணெயில் கழுவி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

காலையில் பிடிக்காததற்குக் காரணம் வேறு. டேங்க் பின்னால், பம்ப் இன்ஜின் பக்கம். பம்ப்புக்கு வரும் ரப்பர் ஹோஸ் கிளிப் மாட்டும் இடத்தில் மயிரிழையாக வெடித்திருந்தது. ராத்திரியில் லைனில் காற்று ஏறி பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது, காலையில் பம்ப் வெறும் காற்றை இழுக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் கால ரப்பர் அதைத் தாங்காது என்றார் அண்ணன். ஹோஸ், கிளிப், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய் வாங்கினார். காபிக்குக்கூட எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணைந்தால் முதலில் காற்றுக் கசிவு பாருங்கள், அப்புறம் ஐடில் ஜெட் அடைப்பு. சூடானபிறகு மட்டும் வண்டி நின்றால் இக்னிஷன் கண்டன்சரையும் (தீப்பொறி சரியாக வர உதவும் சின்னப் பாகம்) பாருங்கள். பில் இல்லாமல் முன்பணம் வேண்டாம். ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன், யுபிஐ ரசீதை வைத்து. கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், முக்கியமாக இது. அப்பா வண்டியோடு வந்த கார்ப்பரேட்டர் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது, கேட்டால் "ஸ்கிராப்ல போட்டாச்சு" என்கிறான்.