வாட்சிம்: ‘மேடே’ சொல்லிப் பழக ஒரு நல்ல இடம்

விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வாட்சிம் புதிதல்ல. 2001இலிருந்து இயங்கும் இலவச இணையச் சேவை. நாம் வீட்டுக் கணினியில் விமானத்தை ஓட்டுவோம், எங்கோ ஒரு நாட்டில் தன்னார்வலர் ஒருவர் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக இருந்து தன் குரலிலேயே வழிகாட்டுவார். நான் மட்டக்களப்பு கல்லடியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். ஆபத்து வந்தால் விமானி எப்படிப் பேசவேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக இங்கே இடமிருக்கிறது. எனக்கு இந்தச் சேவை பிடித்ததே அதனால்தான்.

விதிகள் கடினமில்லை. உயிராபத்து என்றால் மூன்று தடவை ‘மேடே’. அவசரம்தான், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்றால் மூன்று தடவை ‘பான் பான்’. அப்புறம் அழைப்புக் குறி (வானொலியில் நம் விமானத்தை அழைக்கும் பெயர்), என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் போகிறோம். ராடார் திரையில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பொண்டர் கருவியில் அவசரநிலைக் குறியீடான 7700. ஒரு மாலையில் பாடமாக்கிவிடலாம். ஆனால் ஒரு என்ஜின் நின்று, விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரிடம் இதைத் தடுமாறாமல் சொல்ல வேண்டுமே, பாடு அங்கேதான்.

ஒரு இரவு ஜெர்மனிப் பக்கம் பறக்கும்போது அனுமதி கேட்டு இதைச் செய்து பார்த்தேன். கட்டுப்பாட்டாளர் எத்தனை பேர் இருக்கிறீர்கள், எவ்வளவு நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று கேட்டார். ‘ஸ்டாண்ட்பை’ (கொஞ்சம் பொறுங்கள்) என்று மட்டும் சொல்லிவிட்டு விமானத்தை நேராக்கினேன். முதலில் பறப்பு, பிறகு வழி, அதற்குப் பிறகுதான் பேச்சு என்பது விமானிகளின் பழைய ஒழுங்கு. அவரும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். “ஆரோட புள்ள இந்த நேரத்தில கத்துறாய்?” என்று அம்மா எழும்பி வந்துவிட்டா.

இந்தப் பழக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு ஏவியான்கா 52 என்ற கொலம்பிய விமானத்தின் கதை போதும். 1990 ஜனவரி 25, நியூயோர்க்கில் மோசமான காலநிலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடிக்க வைத்தார்கள். எரிபொருள் முடிகிறது என்றும் முன்னுரிமை வேண்டும் என்றும் துணை விமானி சொன்னார். அவசரநிலை என்று மட்டும் அறிவிக்கவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு நிலைமையின் கனம் போய்ச் சேரவில்லை. எரிபொருள் தீர்ந்து விழுந்த விமானத்தில் 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இதை நினைக்கும்போது என் வகுப்புப் பிள்ளைகள்தான் கண்ணில் நிற்கிறார்கள். உடம்பு கொதிக்கும்போதும் “கொஞ்சம் ஏலாம இருக்கு டீச்சர்” என்றுதான் சொல்வார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்ல குணம்தான். வானொலியில் அது ஆளைக் கொன்றுவிடும்.

குறைகளும் உண்டு. மட்டக்களப்பு விமான நிலையத்தில் இறங்க ஆசைப்பட்டு இலங்கை வான்பரப்புக்குப் போனால், நான் போன நேரங்களில் கட்டுப்பாட்டாளர் யாருமே இருந்ததில்லை. ஐரோப்பா மாலையில் சுறுசுறுப்பாகும்போது இங்கே நடுச்சாமம். கட்டுப்பாட்டாளர் அவசரநிலையை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கடத்தலுக்கான 7500 குறியீட்டை அமுக்கவே கூடாது. இரண்டும் நியாயமான விதிகள். நல்ல கணினியும் தடங்கலில்லாத இணையமும் வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகளுக்கு எட்டாத விஷயம்.

விமானி உரிமத்துக்கு இது மாற்று இல்லை. ஆனால் பயிற்சிக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள். சேர்ந்தவுடன் ஒரு சிறு தேர்வு இருக்கும், வாசித்துவிட்டு எழுதினால் சரி. முதலில் கூட்டமில்லாத விமான நிலையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவசரநிலை செய்து பார்க்கலாமா என்று கட்டுப்பாட்டாளருக்கு எழுத்தில் ஒரு வரி அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.