அப்பளம் கப்பல் ஏற: பேலட்டா, பெட்டியாக அடுக்குவதா?

வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் அட்டைப்பெட்டிக்காரருக்குப் போன் போடுவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். கள்ளிடைக்குறிச்சி அப்பளத்துக்கு முதல் ஆர்டர் வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். "என்ன சைஸ் அண்ணாச்சி?" என்றார். மதுரைக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த பழைய பெட்டியையே சொன்னேன்: 450க்கு 300 மில்லிமீட்டர், 3 பிளை, அதாவது மூன்று அடுக்குக் காகிதம் ஒட்டிய அட்டை. வினை அங்கேயே தொடங்கிவிட்டது.

பேலட் என்பது பெட்டிகளை அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் தூக்கும் தட்டுப்பலகை. 1200க்கு 1000 மில்லிமீட்டர் பேலட்டில் அந்தப் பெட்டி ஓர் அடுக்குக்கு 8தான் உட்காரும். ஓரத்தில் 10 சென்டிமீட்டர் சும்மா கிடக்கும். அதுவே 400க்கு 300 என்றால் 10 பெட்டி, இடுக்கே இல்லாமல். பெட்டி சைஸைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். சரக்கு எப்படிப் போகப்போகிறது என்பது முதல் கேள்வி.

பேலட் இல்லாமல் கன்டெய்னர் தரையிலிருந்தே பெட்டி பெட்டியாக அடுக்குவது ஒரு வழி. அப்பளம் போன்ற எடையில்லாத சரக்குக்கு இதில் நல்ல லாபம் உண்டு. 20 அடி கன்டெய்னரின் உள் தரை சுமார் 13.8 சதுர மீட்டர். 1200க்கு 1000 பேலட் அதில் வழக்கமாக 10 நிற்கும். ஆக 12 சதுர மீட்டர்தான் பயன்படுகிறது. பேலட் தின்னும் 15 சென்டிமீட்டர் உயரம் வேறு. நாம் வாடகை கொடுப்பது இடத்துக்கு. அப்பளத்தின் எடை எந்தக் காலத்திலும் கன்டெய்னர் வரம்பைத் தொடாது. ஆனால் தூத்துக்குடியில் ஏற்றுகிற கை ஒன்று, அந்தப் பக்கம் இறக்குகிற கை இன்னொன்று. ஒவ்வொரு பெட்டியும் பல கை மாறும், ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நொறுங்கும். பேலட்டில் கட்டிய சரக்கை ஃபோர்க்லிஃப்ட் மட்டுமே தொடும்.

வாங்குபவர் பேலட்தான் வேண்டும் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். எழுதாவிட்டால், சொந்தக் கிட்டங்கியில் ஆள் வைத்து இறக்குபவருக்குப் பெட்டியாகவும், பெரிய கடைத்தொடர்களின் கிட்டங்கிக்குப் பேலட்டாகவும் அனுப்புவது என் கணக்கு.

சரி, பேலட் என்றே ஆகிவிட்டது. மரமா, பிளாஸ்டிக்கா? மரம் விலை குறைவு, போனால் திரும்பி வராத பயணத்துக்கு ஏற்றது. ஆனால் நாடு தாண்டும் மரத்துக்கு, அதோடு பூச்சி பரவாமல் தடுக்க, ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும். பிறகுதான் கதிர் படம், 'ஐ.என்.' நாட்டுக் குறி, தயாரிப்பாளர் எண், 'எச்.டி.' என்ற சூடேற்றிய குறி எல்லாம் சேர்ந்த முத்திரை விழும். முத்திரை இல்லாத பழைய பேலட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏற்றினால் அந்தக் கரையில் சரக்கு நின்றுவிடும். பிளாஸ்டிக்குக்கும் பிளைவுட்டுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம், அப்பளத்துக்கு ஈரம் எமன். ஐப்பசி மழையில் வெளியே கிடந்த மர பேலட் குடித்த தண்ணீரையெல்லாம் மூடிய கன்டெய்னருக்குள்தான் விடும். மழை மாதங்களில் நான் பிளைவுட் பக்கம். மற்ற மாதங்களில் காய்ந்த, முத்திரை உள்ள மரம்.

3 பிளையா, 5 பிளையா என்பதற்கு விடை அடுக்கும் விதத்தில் இருக்கிறது. செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்தால் சரியாது என்பார்கள் லோடுமேன்கள். அது உண்மைதான். ஆனால் அட்டைப்பெட்டியின் பலம் முழுக்க நான்கு மூலைகளில். மூலைமேல் மூலை உட்காரவில்லை என்றால் பாதி பலம் வரை போய்விடும். நேராக அடுக்கி, சரியாமல் இருக்க ஸ்ட்ரெச் ஃபிலிம் என்ற இழுபடும் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றுவதே மேல். பெட்டி பேலட் விளிம்பைத் தாண்டக் கூடாது. இவ்வளவும் செய்தாலும் கப்பல் சரக்குக்கு 5 பிளைதான். ஈரக்காற்றில் அட்டை தளரும், அடிப்பெட்டி நசுங்கும். உள்ளூர் லாரிக்கு 3 பிளை போதும்.

லேபிளில்தான் நான் அதிகம் அடி வாங்கினேன். ஐ.டி.எஃப்.-14 பார்கோடு 14 இலக்கம், பருமனான கோடு. அட்டையிலேயே அச்சடிக்கலாம், தனி ஸ்டிக்கர் செலவில்லை. ஆனால் அது என்ன சரக்கு என்பதை மட்டும்தான் சொல்லும். ஜி.எஸ்.1-128 என்ற இன்னொரு பார்கோடு, பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் சுமக்கும். அப்பளம் உணவுப்பொருள் என்பதால் எனக்கு இரண்டாவதே. பேட்சுக்குப் பேட்ச் மாறுவதால் ஸ்டிக்கர் ஒட்டியே ஆக வேண்டும். அந்த ஸ்டிக்கரை ரிப்பன் இல்லாத தெர்மல் பிரிண்டரில் அடித்தால் மலிவு. ஆனால் வெயிலிலும் சூட்டிலும் எழுத்து கெட்டுவிடும், நம்மூர் வெயிலைச் சொல்லவும் வேண்டுமா! ரிப்பன் போட்ட பிரிண்டரே நிலைக்கும். பேலட்டுக்கென்று 18 இலக்க எஸ்.எஸ்.சி.சி. எண் தனி, ஒரு பேலட்டுக்குக் கொடுத்த எண்ணை அடுத்ததற்குக் கொடுக்கக் கூடாது.

ஒட்டும் இடமும் முக்கியம். முதல் லோடில் லேபிளைப் பெட்டியின் மேல்மூடியில் ஒட்டினோம். அடுக்கியதும் ஒன்றுகூடத் தெரியவில்லை. வாங்கிய கிட்டங்கியில் பேலட்டைப் பிரித்து எண்ணினார்கள், அதற்கான கூலி நம் பில்லில் கழிந்தது. இப்போது பக்கவாட்டில்தான்: பார்கோடின் அடிக்கோடு பெட்டி அடியிலிருந்து 32 மில்லிமீட்டர் மேலே, விளிம்பிலிருந்து 19 மில்லிமீட்டராவது உள்ளே. பேலட் லேபிள் ஃபிலிமுக்கு வெளியே, தரையிலிருந்து 400 முதல் 800 மில்லிமீட்டர் உயரத்துக்குள். எந்த லேபிள்மேலும் டேப் ஏறக் கூடாது.

இவையெல்லாம் வெளிப்பெட்டி சமாச்சாரம். உள்நாட்டில் விற்கும் பாக்கெட்டுக்கு எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரித்த மாதம், முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிம எண் என்று தனிப் பட்டியல் உண்டு. மொத்தப் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், உள்ளே எத்தனை பாக்கெட் என்பது இருக்க வேண்டும்.

இந்த மாதம் அட்டைப்பெட்டிக்காரரிடம் 400க்கு 300 சொல்லியிருக்கிறேன், 5 பிளை. "பழைய பெட்டி இன்னும் 600 கிடக்கே அண்ணாச்சி" என்கிறார். அது மதுரைக்குப் போகட்டும்.