அமென் தொகுப்பில் எண்ணூர் மேலேயா, கீழேயா?

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டார்: "பஸ் டிக்கெட் கணக்கை ஸ்டாப்வாரியா அடுக்கி வெச்சிருக்கேண்ணா, ஆர்ல அமென் போட்டா மறைகாரணி கிடைக்குமா?" கிடைக்கும். அமென் என்பது ஆர் கணினி மொழியில் ஜோடி ஜோடியான தரவை ஆராயும் நிரல் தொகுப்பு; மறைகாரணி என்பது தரவில் நேராகத் தெரியாமல், எந்த ஸ்டாப் எதோடு ஒட்டுகிறது என்பதைக் காட்டும் எண். கிடைத்தது என்னவென்று புரிந்துகொள்வதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

ஏறுமிடம் நிரையாக, இறங்குமிடம் நிரலாக அடுக்கிய டிக்கெட் எண்ணிக்கையோடு 1 கூட்டி, லாக் எடுத்து, காரணி 2 என்று கொடுங்கள். சொல்லாவிட்டால் 0, காரணியே வராது. இரண்டு காரணிகளையும் அச்சாக வைத்து ஸ்டாப்புகளைப் புள்ளி வையுங்கள். எண்ணூர் மேலே, மின்ட் கீழே என்று படம் அழகாக விழும். மறுபடி ஓட்டினாலும் அதே படம். நம்பாதீர்கள்! சீட் எண் (பஸ் சீட் அல்ல, தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் seed) இயல்பாகவே 1. அதை மாற்றினாலோ, மணலியில் இரண்டு ஸ்டாப்பைச் சேர்த்தாலோ எண்ணூர் கீழே போய் உட்காரலாம்.

எரிச்சல்தான். ஆனால் குற்றம் தொகுப்பில் இல்லை, கணக்கில். தரவுக்குத் தெரிவது ஏறுமிடக் காரணி, இறங்குமிடக் காரணி இரண்டின் பெருக்கல் மட்டும். இரண்டையும் ஒரே கோணத்தில் சுழற்றினால் பெருக்கல் அசையாது. காரணிகளை அப்படியே சராசரி எடுத்தால் எல்லாம் பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருங்கும். அமென் பெருக்கலைச் சராசரி எடுத்து, பிறகுதான் சிங்குலர் மதிப்புகளாக (ஒவ்வொரு காரணியின் பலத்தைச் சொல்லும் எண்கள்) பிரிக்கிறது. இதற்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

முதல் இரண்டு மதிப்புகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தால் மிச்சம் பிளஸ், மைனஸ் குறிச் சிக்கல் மட்டுமே. எண்ணூரின் முதல் எண் மைனஸா? அந்த நிரலை ஏறுமிடம், இறங்குமிடம் இரண்டு காரணி அணியிலும் -1 ஆல் பெருக்குங்கள். ஒன்றில் மட்டும் பெருக்கினால் போச்சு. இடைவெளி இல்லையென்றால் 'இது டி.எச். ரோடு அச்சு' என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள்; ப்ரோக்ரஸ்டீஸ் முறையில் (ஒரு படத்தைச் சுழற்றி இன்னொன்றோடு பொருத்தும் முறை) இரண்டு அணியையும் சேர்த்தே ஊர் வரைபடத்தோடு பொருத்துங்கள்.

இன்னொரு குழி: ஏறும் கூட்டம், இறங்கும் கூட்டம் என்ற கூட்டு விளைவுகளை (ஒவ்வொரு ஸ்டாப்பும் பொதுவாக எவ்வளவு பரபரப்பு என்பதை) தனியாகக் கொடுத்தாலும், அதில் ஒரு பங்கு காரணிக்குள் நுழைந்துவிடும். பெருக்கல் அணியின் நிரை, நிரல் சராசரிகளைக் கழித்துக் கூட்டு விளைவில் சேர்த்துவிட்டு, பிறகு பிரியுங்கள். ஸ்டாப்புகளுக்கு இடையிலான தூரத்தையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காரணி தூரத்தையே திருப்பி ஒப்பிக்கும்.

விடுபட்ட ஜோடிகளை ஊகிக்க இதுபோல் நம்பகமானது வேறில்லை என்பேன். ஆனாலும் படம் போட்டு மேலதிகாரியிடம் காட்டத்தான் என்றால், வேண்டாம் தம்பி. கேட்காமல் ஓட்டுவீர்கள் என்று தெரியும்; அப்படியானால் ஓடும்போதே படம் வரைவதை நிறுத்திவிடுங்கள், மெதுவாக்கும். இயல்பான 10000 சுற்றில் 25க்கு ஒன்று என 400 மாதிரிகள்தான் தேறும், சுற்றையும் அதிகமாக்குங்கள்.