டி-பீலா, 180 டிகிரி பீலா?

ஒட்டிய இரு படலங்களின் பிடிமானத்தை அளக்க எந்தச் சோதனை? பலரும் தடுமாறும் இடம் இது. டி-பீல் என்றால் இரு படலங்களின் முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இழுத்து உரிப்பது, பார்க்க T எழுத்துப்போல இருக்கும். 180 டிகிரி பீல் என்றால் ஒரு படலத்தை முழுதாகப் பின்னால் மடித்து இழுத்து உரிப்பது.

மாதிரி: டி-பீலுக்கு இரண்டு பக்கமும் வளைய வேண்டும். 180 டிகிரிக்கு ஒரு பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். மெல்லிய லேமினேட் (ஒட்டிய படல அடுக்கு) என்றால் ஒரு பக்கத்தைத் தகட்டில் ஒட்டியாக வேண்டும், அது கூடுதல் வேலை.

கோணம்: டி-பீலில் இன்னும் உரியாமல் ஒட்டியிருக்கும் பகுதி, அதாவது வால், தொங்கிக்கொண்டே இருக்கும். இரு படலங்களின் விறைப்பு வேறுபட்டால் வால் சாயும், கோணம் மாறும், அளக்கும் விசையும் மாறும். 180 டிகிரியில் இந்தத் தொல்லை குறைவு.

கணக்கு: படலம் நீளாது என்று கொண்டால் இரண்டு சோதனையிலும் சூத்திரம் ஒன்றுதான். விசையை அகலத்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால் முறிவு ஆற்றல் (ஓரலகுப் பரப்பைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்). ஆனால் படலம் நிரந்தரமாக வளைந்தால் அந்த வளைவு தின்ற ஆற்றலும் இதில் சேர்ந்துவிடும். 180 டிகிரியில் வளைவு கடுமை. தடித்த படலத்தில் பசையைவிட வளைவையே அளந்துகொண்டிருப்போம்!

வேகம்: ஏஎஸ்டிஎம் டி1876 என்ற சோதனைத் தரநிலை டி-பீலுக்கு நிமிடத்துக்கு 254 மி.மீ. என்கிறது. உரியத் தொடங்கும்போது வரும் முதல் விசை உச்சத்தை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள்.

சரி, எதை எடுப்பது? ஒரே மாதிரிப் படலங்கள் என்றால் டி-பீல். விறைப்பு வேறுபட்டால், மெல்லிய படலத்தை உரிக்கும் 180 டிகிரி.