விருது வாங்கிய பேராசிரியரா, இளம் உதவிப் பேராசிரியரா?

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர நினைக்கும் தம்பி தங்கைகள் யாரைக் கைடாக (ஆய்வு வழிகாட்டியாக) எடுப்பது என்று என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

விருதும் பெரிய ஹெச்-இண்டெக்ஸும் உள்ள பேராசிரியரிடம் கருவி, நிதித் திட்டம், வெளியூர்த் தொடர்பு எல்லாம் பெரும்பாலும் தயாராக இருக்கும். ஹெச்-இண்டெக்ஸ் 20 என்றால் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று அர்த்தம், சாதாரண உழைப்பில்லை. ஆனால் அந்த எண் வருடம் போகப்போக ஏறுமே தவிர இறங்காது, அதை வைத்து 5 வருட அனுபவக்காரரை 30 வருடக்காரரோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

அப்புறம், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பிஎச்.டி. மாணவர்கள் வரை எடுக்கலாம், உதவிப் பேராசிரியர் 4 பேர்தான்; ஆள் குறைவென்றால் ஒவ்வொருவரையும் கவனிக்க நேரம் கிடைக்கும். என் கைடு உதவிப் பேராசிரியர். ஏற்காட்டில் மண் எடுக்கப் போனபோது காபித் தோட்டச் சரிவில் கூடவே இறங்கினார்; பையின் மேல் நான் மையால் எழுதிய தேதி ஈரத்தில் கரைவதைப் பார்த்து, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே போடச் சொன்னார்.

விலை உயர்ந்த கருவி தேவைப்படும் ஆய்வென்றால் பேராசிரியர், களப்பணி என்றால் இளையவர் என்பேன். எதற்கும், நீங்கள் நினைத்திருக்கும் கைடிடம் இப்போது படிப்பவரைப் பிடித்து, கடைசியாகக் கொடுத்த அத்தியாயம் திருத்தி வர எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள்.